முருகா என்றால் தட்டு பறக்கும்

மாமல்லபுரம் கடற்கரை மணலில் பலூன் சுடும் கடைகள் வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மகள் அதில் ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு நகர மறுத்தாள். எல்.கே.ஜி. படிக்கிற வயது. அவளுக்குப் பலூன் வேண்டும். சுட்டால் பலூன் வெடிக்குமே தவிரக் கைக்கு வராது என்று எத்தனை முறை சொல்லியும் புரியவில்லை. அவளைச் சமாதானப்படுத்தத்தான் துப்பாக்கியை வாங்கினேன். அதற்கு முன் நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.

முதல் பலூன் வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. மேல் வரிசை முழுவதும் காலியானது. என் கணவர் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா மேடம், வரிசயா காலி பண்ணிகினே போறீங்க? ஊதி ஊதி எனக்கு வாயி கோணிக்கினு கீது" என்றார் கடைக்கார அம்மா. என் மகளோ பலூன் எல்லாம் போய்விட்டதே என்று ஓவென்று அழுதாள்.

பக்கத்தில் இரண்டு பையன்களுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள், சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நிக்கிற பலூன யாரு வேணும்னாலும் சுடுவாங்கக்கா. பறக்கறத சுடுவீங்களா?"

வம்புக்கு இழுக்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் செங்கல்பட்டைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் சுடுதளத்தில் பயிற்சியாளர் என்று. அங்கே எல்லோரும் அவளை 'கோச்' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். காற்றில் வீசப்படும் மண் தட்டுகளைச் சுடும் 'டிராப்' என்ற விளையாட்டை அவள் சொல்லிக் கொடுக்கிறாள். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஞாயிறு காலை வகுப்பு. "பொம்பளைங்க ரெண்டு பேரு வந்தாங்க, தோள் வலிக்குதுன்னு பூட்டாங்க. நீங்க வாங்க" என்றாள்.

காரில் திரும்பும்போது என் கணவரிடம் சும்மா சொல்வது போலச் சொன்னேன். அவர், "போயேன், நல்லதுதானே" என்றார். சதுரங்கப்பட்டினம் திருப்பத்தில், "இதையாவது முடிப்பியா?" என்று கேட்டார்.

குத்திக்காட்ட வேண்டுமென்று கேட்கவில்லை. அவர் அப்படிப்பட்டவரும் இல்லை. ஆனால் அந்த 'இதையாவது' எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் அது உண்மை. மகள் பிறந்த பிறகு நான் ஆரம்பித்தது எதையும் முடித்ததில்லை. அஞ்சல் வழியில் பி.எட். சேர்ந்தேன், முதல் பருவத்தோடு நின்றது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். செங்கல்பட்டு மேம்பாலத்தில் வண்டி ஒருமுறை அணைந்து, பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்ததோடு அதுவும் நின்றது. குழந்தைக்குச் சளி, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு முறையும் நியாயமான காரணம் ஒன்று இருந்தது. காரணம் நியாயமானது என்பதால் எனக்கு வருத்தம் குறையவில்லை.

சேருவதற்குப் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும். நாங்கள் இருப்பது அணு ஆராய்ச்சி நிலைய ஊழியர்களின் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துக்காரர்களும் ஒரே தெருவில் இருக்கிறோம். எங்கள் சொந்த ஊர் கரூர்ப் பக்கம். ஒரு போலீஸ்காரர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் தெருவே எட்டிப் பார்க்கும். பார்த்தது. அவர் கையிலிருந்த காகிதத்தையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்து, "துப்பாக்கிக்கு அப்ளை பண்ணினது சார்தானே?" என்றார்.

"நான் இல்ல சார், இவங்க."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். என் இடுப்பில் மகள், கையில் தோசைத் திருப்பி. "வூட்ல எதுனா பிரச்சனையா சார்?" என்று அவர் மெதுவாகக் கேட்டது எனக்கும் கேட்டது. என் கணவர் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

கரூரிலிருந்து அம்மா போனில் சிரிக்கவில்லை. "புள்ளையப் பெத்தவளுக்குத் துப்பாக்கி எதுக்கு கண்ணு? பாட்டு கிளாசுக்குப் போ, யாரு வேண்டாங்கறா" என்றாள். நான் செய்வது சரிதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்போது அடுத்தவர் சந்தேகத்துக்கு எங்கே பதில் சொல்வது?

விளையாட்டைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். தரையில் ஒரு நீளமான பள்ளம். அதற்குள் எந்திரங்கள். பள்ளத்துக்குப் பின்னால் ஐந்து இடங்கள்; ஒரு தட்டுக்கு ஓர் இடமாக நகர்ந்து நகர்ந்து நிற்போம். நாம் குரல் கொடுத்ததும் பள்ளத்திலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆரஞ்சு நிறத் தட்டு நம்மைவிட்டு விலகிப் பறக்கும். இடப்பக்கமா வலப்பக்கமா என்று முன்கூட்டித் தெரியாது. அது கீழே விழுவதற்குள் சுட வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா. ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு. உடைந்தால் கணக்கு, உடையாவிட்டால் பின்னாலிருந்து ஒரு ஹாரன் 'பேம்' என்று அடிக்கும். அந்தச் சத்தத்தைப் போல மனிதரை அவமானப்படுத்தும் சத்தம் வேறில்லை.

முதல் வகுப்பில் தோட்டாவே கொடுக்கவில்லை. துப்பாக்கியை எப்படித் திறந்து பிடிப்பது, எப்படிக் கீழே வைப்பது, யாருக்கு முன்னால் எப்படி நடப்பது என்று மட்டும்தான். நம் இடத்தில் நின்று சுடப் போகும் நேரம் தவிர மற்ற எல்லா நேரமும் துப்பாக்கி நடுவில் மடிந்து திறந்தே இருக்க வேண்டும்; இரண்டு குழலும் காலி என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். இதில் நான் உடனே தேர்ந்துவிட்டேன். காஸ் அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவளுக்கு இது இயல்பான வேலை. திறந்திருக்கிற துப்பாக்கியையே மறுபடி குனிந்து பார்த்துக்கொள்வேன்.

"பாத்துக்கோங்க எல்லாரும். அக்கா மாதிரி இருக்கணும்" என்று கோச் மற்றவர்களிடம் சொன்னாள். எங்கள் வகுப்பில் ஆறு பேர். நான் ஒருத்திதான் பெண். அதில் செங்கல்பட்டில் மனை வாங்கி விற்கும் ஓர் அண்ணன், கழுத்தில் தடித்த சங்கிலி போட்டவர், "சிஸ்டர் தொறந்தே வெச்சிகினு இருந்தா எப்ப சுடறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி கேலி மட்டுமல்ல என்று பிறகு வந்த ஞாயிறுகளில் தெரிந்துகொண்டேன்.

என்னால் ஒரு தட்டைக்கூட உடைக்க முடியவில்லை.

துப்பாக்கி தோளில் உதைக்கும் உதை பழகிப்போனது. வலது தோளுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஆரம்பித்த நீலம் பூரி அளவுக்குப் பரவியது, அதுவும் பழகிப்போனது. குளிப்பாட்டும்போது மகள் அதைத் தொட்டு, "அம்மாவுக்கு உவ்வா" என்பாள். தோட்டாவின் ஈயத் தூசி கையிலும் துணியிலும் ஒட்டியிருக்கும் என்று எங்கோ படித்ததிலிருந்து, வீடு திரும்பியதும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அவளைத் தூக்குவேன். அதற்குள் அவள் குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி அழுதுவிடுவாள். ஷவரின் கீழே நின்றுகொண்டு நான் நினைப்பேன்: ஒரு தட்டையாவது உடைத்துவிட்டு வந்து இந்த அழுகையைக் கேட்டால் பரவாயில்லை. ஒன்றுமே உடைக்காமல் எதற்காக இதெல்லாம்?

நான் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவள். தட்டின் வேகம், தோட்டாவின் வேகம், இரண்டும் சந்திக்கும் கோணம் எல்லாவற்றையும் மகள் படம் வரைந்த தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். விடை சரியாகத்தான் வந்தது. தட்டுதான் உடையவில்லை.

"அக்கா, நீங்க பலூன் சுடறீங்க" என்றாள் கோச் ஒருநாள். "தட்டு போய்கினே கீது, நீங்க துப்பாக்கிய பாத்துகினு கீறீங்க."

அவள் சொன்னது சரி. குழலின் நுனியில் பாசிமணி அளவு ஒரு குமிழ் இருக்கும். தட்டு பறக்கும். என் கண்ணும் கையும் அதன் பின்னால் போகும். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, சுடுவதற்குச் சற்று முன், குமிழ் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை பார்ப்பேன். அந்த ஒரு பார்வையில் கை நின்றுவிடும். தட்டு நிற்காது. பேம்.

"பாக்காதீங்க."

"பாக்காம எப்படிங்க சுடறது?"

"புள்ள சேர்லேர்ந்து விழுந்தா கைய நீட்டி புடிப்பீங்களா, இல்ல கை கரெக்டா கீதான்னு பாத்துட்டு புடிப்பீங்களா?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சரிபார்க்காமல் ஒரு காரியம் செய்ய எனக்குத் தெரியாது. மகளின் காய்ச்சல் மருந்தைக்கூட அளவுக் குழலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஊட்டுவதற்கு முன் இன்னொரு தடவை பார்ப்பேன். அதை என் நல்ல குணம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

வகுப்பு முடிவில் தேர்வு உண்டு என்று கோச் முதலிலேயே சொல்லியிருந்தாள். இருபத்தைந்து தட்டில் குறைந்தது பதின்மூன்று உடைத்தால், சுடுதளத்தின் துப்பாக்கியை வைத்துத் தொடர்ந்து பயிற்சி செய்யலாம். இல்லாவிட்டால் இடம் அடுத்து வரும் குழுவுக்குப் போய்விடும். மறுபடி எப்போது இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தேர்வு நெருங்க நெருங்க, எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. 'இதையாவது' என்ற சொல்லை அவர் மறந்தே போயிருப்பார். நான்தான் தினமும் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் அந்த முருகா விவகாரம் நடந்தது.

நின்று சுடும் ஒவ்வோர் இடத்திலும் முன்னால் ஒரு சின்ன மைக் இருக்கும். நாம் குரல் கொடுத்தால் அது கேட்டு எந்திரம் தட்டை வீசும். 'இழு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லான 'புல்' என்றுதான் கத்த வேண்டுமென்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு பழக்கம். எதற்கு முன்னாலும் வாய்க்குள் 'முருகா' என்று சொல்லிக்கொள்வேன். குக்கர் மூடியைத் திறப்பதற்கு முன், ஆட்டோவில் ஏறுவதற்கு முன், மகளின் ரிப்போர்ட் கார்டைப் பிரிப்பதற்கு முன். சத்தம் வெளியே வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று காற்று இல்லை. சுடுதளமே அமைதியாக இருந்தது. நான் துப்பாக்கியைத் தோளில் வைத்தேன், கன்னத்தைப் பதித்தேன், வழக்கம் போல வாய்க்குள் சொன்னேன். சரேலென்று தட்டு பறந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் ஒரே சிரிப்பு.

"இன்னாக்கா சொன்னீங்க?" என்றாள் கோச்.

"ஒண்ணும் சொல்லல."

"மைக் கேட்டுகினு கீது. இன்னாவோ சொன்னீங்க."

துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். மனை விற்கும் அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "திருப்போரூர் பக்கத்துலதான் கீது, அதான் முருகன் ஒடனே வந்துட்டாரு!"

முகம் எரிந்தது. ஓடிவிடலாம் போல இருந்தது. மனத்துக்குள் மட்டும் சொல்ல வேண்டும், உதடு அசையக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய் நின்றேன். தோட்டாவைப் போட்டேன், மூடினேன், தோளில் வைத்தேன். எத்தனை வருடப் பழக்கம். உதடு தானாகவே அசைந்துவிட்டது. மறுபடியும் தட்டு பறந்தது. நான் தயாராக இல்லை. ஐயோ என்று பதறிக் கையைத் தூக்கியதில் துப்பாக்கி வெடித்துவிட்டது போலத்தான் எனக்குத் தோன்றியது.

தட்டு காற்றிலேயே பொடியானது. ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு சின்ன மேகம், அவ்வளவுதான். அந்த இடத்தில் வானம் மட்டும் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. நான் திரும்பாமல், துப்பாக்கியைத் திறந்து, காலித் தோட்டா தெறித்து விழுவதைப் பார்த்தேன். பின்னாலிருந்து கோச் மெல்லச் சொன்னாள்: "அக்கா, குமிழ பாத்தீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். பார்க்கவில்லை. பார்க்க நேரமே இருக்கவில்லை.

அதன்பின் அவள் என்னைத் தனியாக அழைத்து உட்கார வைத்தாள். "நீங்க மொதல்ல சாமிய கூப்புடறீங்க. அப்புறம் எல்லாம் கரெக்டான்னு பாக்கறீங்க. அப்புறம் 'புல்'லுன்னு ஒரு மாரி கேக்கறீங்க, காபி வேணுமான்னு கேக்கற மாரி. அதுக்குள்ள ஒடம்பு தூங்கிடுது. நடுவுல கீற அத்தனையும் எடுத்துடுங்க. முருகான்னே கூப்டுங்க, சுடுங்க."

"அது சாமி பேராச்சே. தப்பில்லையா?"

"எங்க வூட்ல ஏசப்பா. நான் 'ஹா'ன்னு கத்துவேன். மெஷினுக்கு சத்தம்தான் வேணும், சாமி இல்ல." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தப்புன்னு தோணிச்சின்னா வேணாம்க்கா."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கேட்டேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "குக்கருக்கெல்லாம் வராரு, இதுக்கு வரமாட்டாரா?" என்றார். இப்படி ஒரு விஷயத்தில் எனக்கு யாராவது சீக்கிரம் தீர்ப்புச் சொன்னால் நிம்மதியாக இருக்கும். ஆனாலும் அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

முருகா என்று வாய்விட்டுக் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. மைக் 'மு'வுக்கே தட்டை வீசிவிடும். 'ருகா' என்பதை நான் சொல்லி முடிக்கும்போது தட்டு பாதி வானத்தில் இருக்கும். இடையில் எதையும் சரிபார்க்க இடமில்லை. ஐந்துக்கு ஒன்று உடைய ஆரம்பித்தது. பிறகு இரண்டு. சில நாள் மூன்று. உடையும் ஒவ்வொன்றும் என் உடம்பில் எங்கோ தெரிந்தது. சாம்பார் கொதிக்கும்போது மூடியைத் திறக்காமலே உப்பு சரி என்று தெரியுமே, அப்படி.

தேர்வு நாள் காலை என் கணவரும் மகளும்கூட வந்தார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவர், "டென்ஷனா இருக்கியா?" என்றார். இல்லை என்றேன். "கை கழுவற மாதிரி தேச்சிக்கிட்டே இருக்க" என்றார். மகளுக்குச் சின்னதாக ஒரு காது மூடி வாங்கியிருந்தோம். ரோஜா நிறம். அதை மாட்டிக்கொண்டு வேலிக்குப் பின்னால், அப்பா மடியில் உட்கார்ந்து, எல்லோரையும் அதிகாரி போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவராக வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கழுத்தில் விசில், கையில் ஹாரன் பொத்தான். தேர்வின்போது கோச் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவள் வேலி ஓரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எண்ணக் கூடாது, ஒவ்வொரு தட்டும் முதல் தட்டுதான் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க என்னால் ஆகாது. ஆனால் அன்று எண்ணுவது வலிக்கவில்லை. இருபது தட்டு முடிந்தபோது பதினொன்று உடைத்திருந்தேன். மீதி ஐந்தில் இரண்டு போதும். மனை விற்கும் அண்ணன் எனக்கு அடுத்த இடத்தில் நின்று, ஒவ்வொரு தடவையும் 'ஆவ்' என்று வயிற்றுவலிக்காரர் போலக் கத்திக்கொண்டிருந்தார். அவருக்கும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது நடுவர் விசில் ஊதினார். மலைக்கு மேலிருந்து பறவைக் கூட்டம் ஒன்று வந்துகொண்டிருந்தது. வேடந்தாங்கலுக்குப் போகிற நாரைகள். எங்கள் சுடுதளத்தில் இது ஒரு வழக்கம்: பறவைகள் மேலே தாண்டும்போது யாரும் சுடக் கூடாது. எல்லோரும் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, கடைசிப் பறவை போகும் வரை அப்படியே நிற்க வேண்டும். நின்றோம். அவை அவசரமே இல்லாமல், கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன.

வேறு நாளாக இருந்தால் மகளைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். அன்று அந்த அமைதியில் எனக்குள் ஒவ்வொன்றாக முளைத்தது. ஐந்தில் இரண்டு கிடைக்காவிட்டால்? மகள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாளே, அவர் தொப்பி போட்டுவிட்டாரா? பதினொன்றுதானா, தப்பாக எண்ணிவிட்டேனோ? துப்பாக்கி காலிதானா என்று மூன்று தடவை பார்த்தேன்.

மறுபடி விசில். முருகா. குமிழைப் பார்த்தேன். பேம். அடுத்த இடம். முருகா. பேம்.

இரண்டாவது ஹாரன் அடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, நான் என்ன செய்கிறேன் என்று. மனத்துக்குள் ஒரு முருகா சொல்லி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பிறகு வாயால் இன்னொரு முருகா சொல்கிறேன். பழைய வழிக்கே திரும்பி வந்துவிட்டேன். மூன்றே தட்டு மிச்சம். இரண்டு வேண்டும். வேலிப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். என் கணவர் இரண்டு கையையும் மகளின் காது மூடிக்கு மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. இத்தனை ஞாயிறுகள், இத்தனை நீலம், கதவைத் தட்டிய அத்தனை அழுகை, எல்லாவற்றையும் ஒரு பாசிமணிக் குமிழைப் பார்த்துத் தொலைக்கப் போகிறேனா?

தோட்டாவைப் போட்டு மூடினேன். "முருகா!"

வேண்டுதல் போல வரவில்லை அந்தக் குரல். பள்ளி வேன் வந்து நிற்கும்போது ஷூவைத் தேடிக்கொண்டிருக்கும் மகளைக் கூப்பிடுகிற குரல். தட்டு வலப்பக்கம் கிழித்துக்கொண்டு போனது. பொடியானது.

பன்னிரண்டு.

அடுத்தது இடப்பக்கம், தாழ்வாக. முதல் தோட்டா தவறியது. கை நிற்கவில்லை; இரண்டாவதும் வெடித்தது. தட்டு அப்படியே போய் விழுந்தது போல இருந்தது எனக்கு. ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு துண்டு தெறித்ததோ, இல்லை தூசியோ. ஹாரனுக்காகக் காத்திருந்தேன். அடிக்கவில்லை.

துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பினேன். தவறு என்றால் தவறு, எனக்குச் சலுகை வேண்டாம் என்ற எண்ணம். "சார், அது உடைஞ்சுதா? எனக்குச் சரியா தெரியல. நீங்க நல்லா பாத்தீங்களா?"

வரிசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தனக்குக் கிடைத்த புள்ளியையே கேள்வி கேட்கிறாளே என்று. கோச் வேலியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

நடுவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "துண்டு போனத நான் பாத்தேம்மா. ஒடஞ்சது ஒடஞ்சதுதான். எடுத்தாந்து ஒட்டியா பாக்க முடியும்? போங்க, அடுத்தது."

பதின்மூன்று. தேறிவிட்டேன். நியாயமாக அப்போது எனக்கு அழுகையோ சிரிப்போ வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை, உடம்புதான் லேசானது. இடுப்பிலிருந்து தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த மாதிரி. உடைந்ததை ஒட்டிப் பார்க்க முடியாது. யாரும் என்னை ஒட்டிப் பார்க்கச் சொல்லவும் இல்லை.

கடைசித் தட்டுக்கு நான் எப்படி நின்றேன், எதைப் பார்த்தேன் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவில்லை. வாயில் 'ருகா' முடிவதற்கு முன்னால் தட்டு நேர் எதிரே, என் தலை உயரத்தில், மேகமாகிவிட்டது. அதை மட்டும் நினைத்த போதெல்லாம் பார்க்க முடிகிறது.

பதினான்கு.

மனை விற்கும் அண்ணனும் தேறிவிட்டார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சிஸ்டர், நெசமா சொல்லுங்க, எங்கூட்டுக் கொலசாமி அம்மன். அந்தப் பேரு ரொம்ப நீளம். மைக் தாங்குமா?" என்று கேட்டார். கோச் என் வலது தோளில், சரியாக நீலத்தின் மேல், ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். உயிர் போய்வந்தது. என் கணவர் கரூருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார், என் அம்மாவுக்கு. "பதினாலுங்க அத்தை. இருபத்தஞ்சுல. முதல் தடவையே. இல்ல இல்ல, பாட்டு கிளாஸ் இல்ல." என்னைவிட அவர் குரல்தான் பெரிதாக இருந்தது. 'இதையாவது' பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சுடுதளத்தை மூடி, துப்பாக்கிகளை உள்ளே பூட்டிய பிறகு, விழுந்து கிடக்கும் தட்டுத் துண்டுகளைப் பொறுக்க எங்களை உள்ளே விட்டார்கள். வாரக் கடைசியில் புதியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. மகளும் பின்னாலேயே ஓடி வந்தாள். புல்லெல்லாம் ஆரஞ்சுச் சில்லு. அதைத் தொட்ட கையை வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லி முடிப்பதற்குள் ஒன்றை எடுத்துவிட்டாள். வளைந்த ஓரத்தோடு, பிறை போல ஒரு துண்டு.

"அம்மா, இது நீ ஒடச்சதா?"

அங்கே ஆறு பேர் சுட்டிருந்தோம். முந்தின நாள் சுட்டவர்களின் துண்டுகளும் அந்தப் புல்லில்தான் கிடந்தன. எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. 'தெரியலடா, வேற யாராவது உடைச்சிருப்பாங்க' என்று சொல்லத்தான் என் வாய் எப்போதும் போல ஆயத்தமானது.

"ஆமா" என்றேன். "நான் உடைச்சது."

அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேலிக்கு அப்பால் நின்ற அப்பாவிடம் காட்ட ஓடினாள்.